நாம் நாடாத நாடு

தமிழில் 'நாடு' என்னும் சொல் பெயராகவும் நிற்கும், வினையாகவும் நிற்கும். பெயராக நிற்குமிடத்து அது நிலப்பரப்பைச் சுட்டும். ஏவல் வினையாக நிற்குமிடத்துத் 'தேடிச் செல்' என்று பொருள்படும். இலக்கண வகுப்பில் இதனை எடுத்துக்காட்டாகச் சொல்லி மாணவர்களின் முறுவலைப் பலமுறை பெற்றிருக்கிறேன். ஆயின், அச்சொல்லின் இரண்டாம் பொருள் என்னையே ஒருநாள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. அதனை ஒளிவின்றி இம்மலரில் எழுதிவிடுவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கல்லூரி திறந்த முதல் வாரத்தில், புதிய மாணவர்களை ஒவ்வொருவராக எழுப்பிப் பெயரும் ஊரும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மாணவர் தம் ஊர் தளிஞ்சி என்றார். "கேரளத்திலிருந்தா வருகிறாய், தம்பி?" என்றேன். வகுப்பு சிரித்தது. "இல்லைங்க ஐயா, நம்ம உடுமலைத் தாலுகாதானுங்க" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு. குனிந்திருக்க வேண்டிய தலை என்னுடையது. உடுமலையில் பிறந்து, உடுமலையில் படித்து, இலக்கியம் கற்பித்து ஊதியம் பெறும் நான், மூணாற்றுச் சாலையில் எத்தனையோ முறை சென்றிருக்கிறேன். பேருந்தின் சன்னல் வழியே கண்ட அந்தக் காட்டுக்குள், கூட்டாற்றைக் கடந்தால் தமிழ் பேசும் மக்கள் வாழும் ஊர்கள் உண்டென்பதை அறியாமலே சென்றிருக்கிறேன். அதன்பின் எவர் கேட்டாலும் அம்மாணவர் தம் ஊரைச் சொன்னதில்லை. "அமராவதிநகர்ப் பக்கம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். ஓர் ஆசிரியரின் அறியாமை ஒரு பிள்ளையிடமிருந்து அவன் ஊர்ப்பெயரைப் பறித்துக்கொண்டது. இக்கட்டுரை எழுவதற்கு அதுவே காரணம்.

இன்று நாடு என்றவுடன் இந்தியப் பெருநிலமே நம் நினைவுக்கு வருகிறது. பழைய கல்வெட்டுகளில் வரும் நாடு அத்துணைப் பெரியதன்று. சில பல ஊர்கள் சேர்ந்த சிறு நிலப்பகுதியே நாடு. கொங்குமண்டலம் 24 நாடுகளாகப் பகுக்கப்பட்டிருந்ததென்பது மரபு. பழனியைச் சூழ்ந்தது வையாபுரி நாடு. தாராபுரப் பகுதி தென்கரை நாடு. மேற்கே ஆனைமலை நாடு. வடக்கே காங்கய நாடு. நமக்கு அண்மையில் அமராவதியாற்றின் கரையில் அமைந்த கொழுமம், கடத்தூர் முதலான ஊர்கள் கரைவழி நாட்டைச் சேர்ந்தவை. எத்துணை அழகிய பெயர்! ஆற்றின் கரைவழியே நடந்து கண்டவன் வைத்த பெயராகத்தான் அது இருத்தல் வேண்டும். கால்நடையாகச் சில நாளில் சுற்றிவந்துவிடக்கூடிய அச்சிறுநாட்டில் நாம் கண்டது எவ்வளவு?

இறுதியாண்டு வகுப்பில் ஒருநாள் இதனைச் சோதித்துப் பார்த்தேன். உதகையைக் கண்டவர் யார் என்றேன், அனைவரும் கையுயர்த்தினர். மைசூர் அரண்மனையைக் கண்டவர் முக்கால் பங்கினர். கொச்சிக்குச் சென்றவர் பலர். கொழுமம் என்றேன், அவ்வூரினின்று வரும் இருவரின் கைகள் மட்டுமே உயர்ந்தன. கடத்தூர் என்றேன், ஒரு கைகூட எழவில்லை. பெரியவர்களிடம் கேட்டிருந்தாலும் கணக்கு மாறியிராது. துபாயில் பத்தாண்டு, சிங்கப்பூரில் ஐந்தாண்டு என்று உலகின் பல திசைகளுக்கும் பிழைப்பின் பொருட்டுச் சென்றுவந்த நம்மவர் பலர், குடிமங்கலத்துக்கு அப்பால் பேருந்தைவிட்டு இறங்கியதில்லை. (ஹஜ் பயணத்தை இக்கணக்கில் யான் சேர்க்கவில்லை, அது கடமை.)

என் பாட்டனார் எழுதப் படிக்க அறியாதவர். துணிமூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றவர். பெதப்பம்பட்டி, பூளவாடி, குடிமங்கலம், கணியூர், கொமரலிங்கம் என்று சந்தை கூடும் நாளெல்லாம் அவர் மனத்தில் மனப்பாடம். எவ்வூரில் எக்கிணற்று நீர் உப்பு, எத்தோட்டத்துக் கவுண்டர் வீட்டில் மோர் கிடைக்கும், எந்த இட்டேரியில் மாலைக்குப் பின் நடக்கலாகாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கடனுக்குத் துணி கொடுத்து, அறுவடை முடிந்தபின் பணம் பெறுவார். ஆதலின் எவ்வூரில் மழை பெய்தது, எவ்வூரில் பொய்த்தது என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டியதாயிற்று. அத்தா கடை வைத்தார். ஊர்கள் அவரை நாடி வந்தன. அவர் ஊர்களை நாடிச் செல்ல வேண்டியிருக்கவில்லை. நான் முதுகலையும் எம்.பில்.லும் முடித்தேன். எனக்குத் தெரிந்தவை கல்லூரிச் சாலையும் கடைவீதியும் தொடர்வண்டி நிலையமும். மூன்று தலைமுறைகளில் படிப்பு வளர்ந்தது, நாடு சுருங்கிவிட்டது.

தமிழ்த்துறைக்கு இஃது எவ்வாறு பொருந்தும் என்று கேட்பார் இருப்பர். ஐந்திணையை நாம் எங்ஙனம் நடத்துகிறோம்? கரும்பலகையில் கட்டங்கள் வரைந்து முதல், கரு, உரி என்று நிரப்புகிறோம். மாணவர் அதனை எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். ஆனால் அத்திணைகளுள் நான்கு, நம் கல்லூரி வாயிலிலிருந்து அரைநாட் பயணத்தில் கண்முன் விரிகின்றன. தெற்கே நிற்கும் ஆனைமலைத் தொடர் குறிஞ்சி. அதன் உச்சி நிலங்களில் 12 ஆண்டுகளுக்கொருமுறை, 2006இலும் 2018இலும், நீலக்குறிஞ்சி மலர்ந்தபோது வெளிநாட்டார்கூட மூணாற்றுக்கு வந்து கண்டு சென்றனர். வடக்கே சோமவாரப்பட்டியில் ஆல்கொண்டமால் கோயில் இருக்கிறது. பொங்கலையொட்டி உழவரும் ஆயரும் தம் கால்நடை நலம்பெற வேண்டி அங்குக் கூடுகின்றனர். மண்ணாற்செய்த மாட்டுருவங்களைக் காணிக்கையாக வைக்கின்றனர். மாயோன் மேய காடுறை உலகம் எதுவென்று இதற்குமேல் விளக்கவுரை வேண்டுமோ? அமராவதிக்கரை மருதம், கடத்தூரில் ஆற்றோரம் நிற்கும் அருச்சுனேசுவரர் கோயிலின் பெயரே மருதமரத்தால் வந்தது, அம்மரத்துக்கு வடமொழியில் அர்ச்சுனம் என்று பெயராதலின். சின்னாற்றுப் பகுதியோ மழைமறைவு நிலம். மலைகளுக்கு நடுவே இருந்தும் முட்காடாய்க் காய்ந்து கிடக்கும் அந்நிலத்தைக் கோடையில் கண்டவர்க்குப் பாலை என்பது குறிஞ்சியும் முல்லையும் திரிந்த நிலை என்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நெய்தல் ஒன்றுக்கே நாம் தொலைவு செல்ல வேண்டும்.

ஆற்றைப் பற்றியும் ஒன்று சொல்வேன். சங்கப் புலவர் ஆன்பொருநை என்று பாடிய ஆறே நம் அமராவதி. பாம்பாறும் சின்னாறும் தேனாறும் கொணரும் நீரைத் தேக்கும் அமராவதி அணை 1957இல் கட்டிமுடிக்கப்பட்டது. அணைக்குச் செல்வோர் முதலைப் பண்ணையைக் கண்டு, வறுத்த மீனை உண்டு திரும்புகின்றனர். அந்நீர் கரூரைக் கடந்து திருமுக்கூடலூரில் காவிரியோடு கலக்கிறதென்பதை எத்தனை பேர் சொல்லக்கூடும்? திருமூர்த்தி அணையின் கதை இன்னும் சுவையானது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் நீரை மலையடிவாரம் வழியே சர்க்கார்பதியிலிருந்து அவ்வணைக்குக் கொண்டுவருவது 'காண்டூர்' கால்வாய். காண்டூர் என்பது ஏதோ ஓர் ஊரென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். சம உயரக்கோட்டைத் தழுவிச் செல்லும் கால்வாய் என்பதற்குப் பொறியாளர் வழங்கிய 'கான்டூர்' என்னும் ஆங்கிலச் சொல்லே மக்கள் நாவில் ஊர்ப்பெயர் போலாகிவிட்டது! நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்து அந்நீரைப் பாய்ச்சுகின்றனர். எம்மண்டலத்துக்கு எப்போது முறை என்பது பாட்டனாருக்குத் தெரிந்திருக்கும். துணிக்கடன் தண்டுவதற்கு அது தேவை.

கடத்தூருக்கும் கொழுமத்துக்கும் மாணவரை அழைத்துச் செல்ல வேண்டும் என்று யான் முதன்முதல் சொன்னபோது, நான் பெரிதும் மதிக்கும் சமுதாயப் பெரியவர் ஒருவர், "பேராசிரியரே, நம் பிள்ளைகளைக் கோயிலுக்கா அழைத்துப் போகப்போகிறீர்கள்?" என்று வினவினார். அவர் கேட்டது பகையால் அன்று, கவலையால். ஆதலின் விடை கூறுதல் என் கடன். அங்கே நாம் செல்வது வழிபடுவதற்கன்று; படிப்பதற்கு. அக்கோயில்களின் சுவர்களில் கொங்குச் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. நம் வட்டாரத்துத் தமிழ் எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எவ்வாறு எழுதப்பட்டது என்பதற்கு அவைபோல் வேறு சான்றில்லை. பல்லவர் காலக் கல்வெட்டைப் பாடநூலில் படிப்பவன், தன் ஊர்க் கல்வெட்டைத் தடவிப் பார்த்திலனாயின் அவனை எங்ஙனம் தமிழ் மாணவன் என்பது? பூமியில் பயணம் செய்து முன்னோர் வாழ்வைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை பல இடங்களில் ஏவுவதையும் அப்பெரியவர்க்கு நினைவூட்டினேன். என் பாட்டனாரின் பற்றுவரவு அவ்வூர்களில்தாம் இருந்தது என்பதையும் சொன்னேன். அவர் சிறிதுநேரம் பேசாதிருந்து, "என் வாப்பாவும் கொழுமத்தில்தான் மாடு வாங்குவார்" என்றார்.

நாம் ஆண்டுதோறும் நடத்தும் சீறாப்புராணத்தையே எடுத்துக்கொள்வோம். அரபு நாட்டைப் பாடவந்த உமறுப்புலவர், மலையில் மழை பொழிவதையும் வெள்ளம் வயலில் பரவுவதையும் உழவர் நெல் விளைவிப்பதையும் பாடினார். இது பொருந்துமா என்று திறனாய்வாளர் சிலர் வினவுவர். எனக்குத் தோன்றுவது வேறு. தம் சொந்த நிலத்தை அத்துணை நெருங்கி அறிந்திருந்த ஒருவராலேயே தாம் போற்றும் நிலத்துக்கும் அதன் வளத்தை உவந்தளிக்க முடிந்தது. இன்று நம் மாணவர் ஒருவரைத் தம் ஊரைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னால், தென்னை, காற்றாலை, பேருந்து நிலையம் என்பதோடு பேனா நின்றுவிடுகிறது.

ஊரறிவு தேவையில்லாத ஆடம்பரம் என்பாரும் உளர். அவர்க்கு நம் மாவட்டத்தின் மற்றோர் ஆற்றைக் காட்டுவேன். நொய்யலின் கரையிலுள்ள கொடுமணலில் 1980களிலிருந்து நடந்த அகழாய்வுகள் மணிகள் செய்த தொழிற்கூடங்களையும் இரும்பு உருக்கிய உலைகளையும் தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளையும் வெளிக்கொணர்ந்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கடல்கடந்த வணிகத்தோடு தொடர்புடைய ஊர் அது. அதன் அண்மையிலேயே 1992இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது. பாசனத்துக்கென்று கட்டிய அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிற்று. கீழ்ப்பகுதி உழவர் கண்டனர், வழக்குத் தொடுத்தனர், 2011இல் சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அன்று வேலையிழந்து ஊர் திரும்பிய தொழிலாளருள் நம் உடுமலைப் பிள்ளைகளும் இருந்தனர். ஐரோப்பாவில் எந்நகருக்கு எந்நிறப் பனியன் ஏற்றுமதியாகிறது என்பதை அறிந்திருந்த திருப்பூர், அந்நிறம் கழுவப்பட்ட நீர் எங்குச் செல்கிறது என்பதைச் சென்று பார்த்திருந்தால் அத்துயரத்தில் ஒரு பங்கேனும் குறைந்திருக்கும் என்றே கருதுகிறேன். ஒருவரும் காணாத ஒன்று அழியும்போது, அதற்காக அழவும் ஆளிருப்பதில்லை.

இங்கிலாந்தில் கில்பர்ட் ஒயிட் என்றொரு பாதிரியார் இருந்தார். செல்போர்ன் என்னும் சிற்றூரே அவர் உலகம். அவ்வூரின் பறவை, மரம், மண்புழு ஆகியவற்றைப் பல்லாண்டு கூர்ந்து நோக்கிக் கடிதங்களாக எழுதினார். 1789இல் அவை நூலாயின. ஒரே குருவி என்று பிறர் கருதியிருந்ததை, குரல் வேறுபாட்டைக்கொண்டு மூன்று இனம் என்று கண்டவர் அவர். தம் ஊரைக் கேட்டதனால் அறிவியலுக்கு வளம் சேர்த்தார். நம் மாணவர்க்குக் காதில்லையா?

தடைகளை யான் அறியாதவனல்லன். பகுதிநேரம் ஆலைக்குச் செல்லும் மாணவர்க்கு ஞாயிறும் வேலைநாளே. பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். விடியற்காலையில் ஆலைப் பேருந்தில் ஏறி இருட்டியபின் இறங்கும் பெண்களுக்கு அச்சாலையே நாடு. கல்லூரிக்கு வரும் பெண்களுக்குக் கல்லூரிச் சாலையே நாடு. தொலைதூரச் சுற்றுலாவுக்கு இசைவுதரும் பெற்றோர் சிலர், பக்கத்து ஊருக்கு நடந்து சென்று கல்வெட்டுப் படிப்பதற்கு இசையாதிருப்பதன் காரணம் எனக்கு விளங்கவில்லை. ஆசிரியைகள் உடன் வருவர். பகலில் சென்று பகலிலேயே திரும்புவோம். பெரியவர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

மலையூர்களுக்கு எல்லாரையும் திரட்டிக்கொண்டு செல்வோம் என்று யான் சொல்ல மாட்டேன். ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பவை அவை. வனத்துறையின் இசைவின்றி நுழைதல் தவறு. அங்கே வாழும் முதுவரும் புலையரும் காட்சிப் பொருள்களும் அல்லர். நோயுற்றவரைத் தொட்டில் கட்டிச் சுமந்து வந்த செய்திகளை நாளேட்டில் படித்துப் பக்கத்தைப் புரட்டியவர்கள் நாம். முதலில் அவ்வூர்களின் பெயர்களையேனும் பிழையின்றிச் சொல்லக் கற்போம். குழிப்பட்டி, குருமலை, மாவடப்பு, ஈசல்தட்டு, கோடந்தூர், தளிஞ்சி, மஞ்சம்பட்டி. திருமூர்த்திமலை அருவிக்குச் சென்று நெகிழிக் குப்பையை விட்டுவருவதும் நாடுகாண்பதாகாது.

தளிஞ்சி மாணவர் படிப்பு முடித்துச் செல்லும் நாளில் துறைக்கு வந்திருந்தார். "உன் ஊருக்கு ஒருமுறை வரலாமா?" என்று கேட்டேன். "மழைக்காலத்துல வேண்டாங்க ஐயா, கூட்டாத்துல தண்ணி வந்துரும். தை மாசம் வாங்க" என்றார்.

துறையில் கலந்து பேசி முடிவு செய்துள்ளோம். வரும் கல்வியாண்டில் தொலைதூரச் சுற்றுலாவுக்கு முன்னர், அருகிலுள்ள ஆறு ஊர்களுக்கு மாதம் ஒன்றாகச் செல்வது. முதற்பயணம் கொழுமம், அடுத்தது கடத்தூர். நகரப் பேருந்திலேயே செல்வோம். மதிய உணவும் குறிப்பேடும் அவரவர் கொண்டுவர வேண்டும். அவ்வூர்களைச் சேர்ந்த மாணவர்களே அன்று நமக்கு ஆசிரியர்கள். உடன் வர விரும்பும் பெரியவர்கள், குறிப்பாக அவ்வூர்ச் சந்தைகளுக்குச் சென்று பழகியவர்கள், துறையில் பெயர் தந்தால் மகிழ்வோம்.