தீட்டு எது?

தீட்டைப் பற்றி ஏடு ஏடாக எழுதிவைத்த நாடு இது. பிறந்தால் தீட்டு, இறந்தால் தீட்டு, பெண் பூப்பெய்தினால் தீட்டு, பிறிதொரு சாதியான் தொட்டால் தீட்டு! அவற்றைப் போக்க மடி, ஆசாரம், மந்திரநீர் எனக் கழுவாய்கள் ஆயிரம். நாம் கேட்பது ஒன்றே: இத்தனை தூய்மை பேசிய நாட்டில், பச்சிளங் குழந்தையின் வாயில் வைக்கும் பால்புட்டியைக் கொதிநீரில் இட்டு எடுக்க வேண்டும் என்ற எளிய அறிவு மட்டும் ஏன் இன்னும் எல்லா அடுக்களைக்கும் வந்து சேரவில்லை?

துக்க வீட்டுக்குப் போய் வந்தவர் தலைமுழுகாமல் தொட்டிலருகே வரலாகாது. கைம்பெண்ணின் பார்வை படலாகாது. கன்னத்தில் கரும்பொட்டு, இடுப்பில் தாயத்து. இவ்வளவு காவலும் இருக்க, தரையில் விழுந்த ரப்பர்க் காம்புக்கு முந்தானையில் ஒரு துடைப்பு. அடுத்த நொடி அது குழந்தையின் வாயில்! காலையில் கலக்கிய பால் நண்பகல்வரை சன்னலோரம் காத்திருக்கிறது. மாலையில் வயிற்றுப்போக்கு. 'கண் பட்டுவிட்டது' என்கிறாள் பாட்டி. தொக்கம் எடுப்பவரைத் தேடி ஓடுகிறார் மாமன். பட்டது கண் அன்று, தாய்மாரே! கிருமி!

'பிணத்தீட்டு என்று நம் முன்னோர் சொன்னதும் கிருமியைத்தானே?' என்று கேட்கும் புதுமைப் பழமைவாதிகள் உண்டு. அவர்களுக்கு நம் மறுகேள்வி இது: இறப்புத் தீட்டு அந்தணனுக்கு 10 நாள், சூத்திரனுக்கு ஒரு மாதம் என்று வருணத்திற்கேற்ப நாள் குறித்ததே மனுநூல், கிருமிக்கு வருணம் தெரியுமா? ஆளைப் பார்த்து அளவு மாறுவது அறிவியல் ஆகாது. நீர் கொதிக்கும் வெப்பம் அக்கிரகாரத்திலும் சேரியிலும் ஒன்றே.

மடமை நமக்கு மட்டும் உரிய சொத்தன்று. வியன்னா நகர மருத்துவமனையில், பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு மருத்துவர்கள் பேறு பார்க்க வந்தார்கள். 1847 ஏப்ரலில் அங்குப் பிள்ளை பெற்ற தாய்மாருள் நூற்றுக்கு 18 பேர் மாண்டனர். குளோரின் கலந்த சுண்ணக் கரைசலில் கைகழுவச் செய்தார் செம்மல்வைசு என்னும் மருத்துவர். சூன் மாதத்தில் அவ்வெண்ணிக்கை நூற்றுக்கு 2 ஆயிற்று. நன்றி கூறினரா? 'எங்கள் கையா அழுக்குக் கை?' என்று சினந்தனர் சான்றோர் பலர். கைகழுவச் சொன்னவர் 1865இல் மனநோய் விடுதியில் மடிந்தார். ஆனால் பாஸ்டரின் ஆய்வுகள் நோய்க்கிருமிகளின் உண்மையை உலகறியச் செய்தன, உண்மை வென்றது.

அந்த உண்மையை அடுக்களைக்குக் கொண்டுவருவது கடினமா? முதலில் சோப்பிட்டுக் கைகழுவுக. புட்டியைத் தூரிகையால் தேய்த்து, காம்பை உட்புறம் வெளிவரத் திருப்பிக் கழுவுக. ஒட்டிய பாலாடைதான் கிருமியின் கோட்டை. பிறகு, உள்ளே காற்றுக்குமிழி நில்லாமல் நீரில் முழுக அமிழ்த்தி, மூடியிட்டு, 10 நிமிடம் கொதிக்கவிடுக. பால்மாவு கிருமி நீங்கிய பொருள் என்று எண்ணற்க. தகரத்தைத் திறக்கும் முன்னரே அதில் கிருமி இருக்கக்கூடும். ஆதலால்தான் 70 பாகை செல்சியசுக்குக் குறையாத வெந்நீரில் மாவைக் கலக்க வேண்டும் என்று 2007இல் வழிகாட்டியது உலக நலவாழ்வு நிறுவனம். கொதித்த நீர் அரைமணிக்கு மேல் ஆறலாகாது. கலக்கிய பாலைக் குளிர்ந்த நீரில் புட்டியை நிறுத்தி ஆற்றி, மணிக்கட்டில் துளிவிட்டுச் சூடு பார்த்தே ஊட்டுக. 2 மணி நேரத்தில் தீராத பாலைக் கொட்டிவிடுக. அளவுக் கரண்டியில் கஞ்சத்தனம் வேண்டா. நீர் மிகுந்தால் பிள்ளை மெலியும்.

'சங்கில் புகட்டுகிறோம், எங்களுக்கென்ன?' என்பீரோ? சங்குக்கு மூலைமுடுக்கு இல்லை, கழுவ எளிது. மருத்துவரும் புட்டியைவிடக் கிண்ணத்தையும் சங்கையுமே விரும்புவர். ஆயினும் பாட்டன் தந்த சங்கு என்பதால் கிருமி அஞ்சி ஓடாது. அதையும் கொதிக்கவைத்தே ஆகவேண்டும்.

தாய்ப்பாலுக்கு நிகரில்லை, முதல் 6 மாதம் அதுவே போதும். இதை மறைத்துத் தகரத்தை விற்ற வாணிகத்தை, 1939இல் சிங்கப்பூரில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் உரையாற்றிச் சாடினார் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர். பால்மாவு, புட்டி ஆகியவற்றின் விளம்பரத்தை 1992ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் தடுத்தது. ஆனால் பால் சுரக்காத தாயும், நோயுற்ற தாயும் உண்டு. தாயை இழந்த குழந்தையும் உண்டு. அவர்களிடம் சென்று தாய்மையின் பெருமை பாடுவது அறமன்று, கொடுமை! அவர்களுக்குத் தேவை பழிச்சொல் அன்று. கொதிநீரும் அதற்குரிய அறிவும்.

இறுதியாக ஒரு சொல், இளைஞனுக்கு. நானும் அண்மையில் தந்தையானவன். ஆதலின் உரிமையோடு உரைக்கிறேன். மேடையில் பெண்ணுரிமை முழங்குகிறாய். நன்று! நள்ளிரவில் பிள்ளை அழுதால் எழுவது யார்? பேற்றுக் களைப்புத் தீராத அவள்தானே? புட்டி கழுவினால் ஆண்மை கரைந்தா போகும்? கழுவ மறுத்துவிட்டு, பிள்ளைக்கு நோய் வந்தால் 'வந்தவள் கைராசி சரியில்லை' என்று கூறுவாயானால், தாயத்துக் கட்டும் பாட்டிக்கும் உனக்கும் வேற்றுமை என்ன?

தோழனே, பகுத்தறிவு ஊர்வலத்தில் ஏந்தும் பதாகை மட்டுமன்று. பானையில் நீர் பொங்கும்வரை அடுப்பருகே விழித்து நிற்கும் பொறுமையும் அதுவே. கன்னத்துப் பொட்டு காக்கவில்லை, இடுப்புத் தாயத்து காக்கவில்லை. காக்கப்போவது உன் கை. அதைக் கழுவு! அடுப்பை மூட்டு!