புள்ளியிழந்த கண்டி

கொழும்பிலிருந்து மலையேறி வரும் புகைவண்டிப் பாதை பேராதனைச் சந்தியிலே இரு கிளையாகப் பிரிகின்றது. ஒன்று கண்டியினூடாக மாத்தளைக்கும், மற்றையது கம்பளை, நாவலப்பிட்டி வழியே பதுளைக்கும் செல்லும். எந்த வண்டி எந்தத் தண்டவாளத்தில் ஏறும் என்பதைத் தீர்மானிப்பவன் பிரயாணி அல்லன். சந்தியிலே பாதையைத் திருப்பிவிடும் பொறியே. இணையத்தளங்களின் உள்ளமைப்பும் ஏறக்குறைய இத்தகையதே.

வாசகன் ஒரு பக்கத்தை வேண்டும்போது அவ்வேண்டுகோள் ஒரு முகவரியைச் சுமந்து வருகின்றது. வந்தவன் யார், அவன் விரும்பும் மொழி யாது என்பனவற்றைச் சிறு செய்நிரல்கள் வரிசையாக நின்று முதலில் ஆராயும். பின்னர் அம்முகவரி ஒரு வழிப்பட்டியலோடு மேலிருந்து கீழாக ஒப்பிடப்படும். முதலிற் பொருந்தும் வழியே அதன் வழி. ஒன்றும் பொருந்தாவிடின் "காணப்படவில்லை" என்னும் விடையே கிடைக்கும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துப் பத்திரிகை நிலையமொன்றிற் பிறந்து, 2005 இல் வெளியாகி, இன்று உலகெங்கும் வழங்கும் ஜாங்கோ என்னும் சட்டகம் இம்முறையிலேயே இயங்குகின்றது.

இதுவரை நமக்கு வழக்கில்லை. வழக்கு எழுவது, தலைப்பிலிருந்து முகவரிச் சொல்லை ஆக்கித்தரும் விதியிலேதான். 'கண்டி' என்று எழுதி அவ்விதியிடம் ஒப்படைப்போமாக. ஆங்கில எழுத்தல்லாதவற்றை விலக்குவது அதன் இயல்பாகையால், வெற்றிடமே திரும்பி வரும். பிறமொழி எழுத்துக்கும் இடங்கொடு என்று கட்டளையிட்டாலோ, 'கணட' என்று வரும்! புள்ளியும் போயிற்று, இகரக்குறியும் போயிற்று. நம் இலக்கணத்திலே 'டி' ஓரெழுத்து. கணினிக்கோ அது டகரமும் ஒரு குறியுமாகிய இரண்டு. ஜாங்கோவுக்கு அடிப்படையான பைதன் மொழியின் விதி எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் ஏற்கும். சார்ந்து நிற்கும் குறிகளை ஏற்காது. மெய்க்குப் புள்ளி இன்றியமையாதது என்பதை நம் ஆறாம் வகுப்பு மாணவன் அறிவான். இவ்வளவு பெரிய பொறி அறியவில்லை.

இதனால் விளைவது எழுத்துப்பிழை மட்டுமன்று. கமலா, கமலி, கமல் என்னும் மூவரின் பெயர்களும் இவ்விதியிற் புகுந்து 'கமல' என்றே வெளிவரும். ஒரு சங்கத்தின் உறுப்பினர் பக்கங்களை இப்பெயர்களைக் கொண்டே வழிப்படுத்தினால், ஒருத்தியைத் தேடி வந்தவன் மற்றொருத்தியின் வாயிலில் நிற்பான். தேர்வு முடிவோ விண்ணப்பமோ அவ்வழியிற் செல்லுமாயின், இடர் சிறிதாகுமா?

ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டாற் போதாதோ என்பார் உளர். லகர, ளகர, ழகரங்களை வேறுபாடின்றி எழுதும் ஆங்கில வழக்கிலே வாலையும் வாளையும் பிரிப்பது எங்ஙனம்? 1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. 2010 இல் '.இலங்கை' என்று முடியும் முகவரிக்கும் இடம் கிடைத்தது. வாயிற்பலகையைத் தமிழில் எழுதிவிட்டு, உள்ளே வருபவரின் பெயரைச் சிதைப்பது முறையன்று என்பதே நம் கருத்து. சட்டகத்தை ஆக்கியோர் நம்மீது பகை கொண்டு இவ்வாறு செய்தாரல்லர். குறியுள்ள மொழியினர் அவ்வேளையில் அருகிருந்து சொல்லவில்லை, அவ்வளவே.

பரிகாரம் அரிதன்று. 'கண்டி' என்னும் சொல் முகவரியிற் செல்லும்போது 15 எண்மித்தொகுதிகளாகி, சதவீதக் குறியோடு எழுதுகையில் 45 எழுத்துருக்களாக நீளும். நீண்டாலும் பழுதின்றிச் சேரும். ஆகவே எழுத்தோடு சார்குறிகளையும் ஏற்குமாறு விதியைத் தாமே எழுதலாம். வழிப்பட்டியலிலே, சாய்கோடு தவிர்ந்த எதனையும் ஏற்கும் வகையை அமைக்கலாம். பெயருக்கு முன் ஒரு பதிவெண்ணை வைத்தால் இருவர் ஒருவராகும் இடரும் ஒழியும். கணினித் தொழிலில் அமர்ந்துள்ள நம் பழைய மாணவர் தாம் அமைக்கும் தளத்தைத் திறந்துவிடுமுன் மாத்தளை, நாவலப்பிட்டி என்னும் இரு பெயர்களை அதனுட் செலுத்திப் பார்ப்பாராக. 'மததள' என்று வெளிவருமாயின், அன்றே திருத்துக.