உச்சம் வேண்டாம் என்றவர்கள்

ஹாஸ்டலில் எல்லா ஃப்ளோரிலும் இப்படி ஒருத்தன் இருப்பான். ரூம் காலண்டரில் தினம் ஒரு தேதியைச் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டு வருவான். செமஸ்டர் கவுண்ட்டவுன் என்று நினைத்துக் கேட்டால், "இன்னைக்கு 43-வது நாள் மச்சி" என்பான். விந்தை வெளியேற்றாமல் அடக்கினால் மூளை ஷார்ப் ஆகுமாம், முகத்தில் தேஜஸ் வருமாம், பேக்லாக் எல்லாம் க்ளியர் ஆகுமாம். ரீல்ஸ் சொல்லிக்கொடுத்த பாடம். மறுத்துப் பேசினால் ஒரே பதில்: "சித்தர்களே சொல்லியிருக்காங்கடா."

இதைக் கிண்டல் பண்ணுவது சுலபம். ஆனால் உச்சத்தைத் தவிர்க்கும் வழக்கத்துக்கு உண்மையிலேயே நீண்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைப் படித்தால் முதலில் கண்ணில் படுவது இதுதான்: அது பெரும்பாலும் தனியாக ஒருத்தன் போடும் அட்டென்டன்ஸ் இல்லை. ஒரு கட்டிலில் இரண்டு பேர் இருந்தார்கள். ரீல்ஸில் அந்த இரண்டாவது ஆளைக் காணோம். எங்கே போனார் அவர்? எனக்கு இந்த விஷயத்தில் இருக்கும் ஒரே சண்டை அதுதான்.

அமெரிக்காவிலிருந்து தொடங்குகிறேன். ஜான் ஹம்ஃப்ரி நோய்ஸ் என்று ஒரு மதபோதகர். கல்யாணமான 6 வருஷத்துக்குள் அவர் மனைவி ஹாரியட் 5 முறை பிரசவித்தார். அதில் 4 குழந்தைகள் தங்கவில்லை. இனி இவளை இந்த வேதனைக்குள் தள்ளமாட்டேன் என்று நோய்ஸ் முடிவெடுத்தார். அந்தக் காலத்தில் நம்பகமான கருத்தடை கிடையாது. அவர் கண்டுபிடித்த வழி, உறவு கொள்ளலாம், ஆனால் ஆண் விந்தை வெளியேற்றக் கூடாது என்பது. அவர் 1848-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒனைடா என்ற இடத்தில் ஒரு சமூகக் குடியிருப்பைத் தொடங்கினார். அங்கே சொத்து பொது, சமையல் பொது, திருமணமும் பொது. குழந்தை வேண்டும் என்று திட்டமிட்டால் தவிர, ஆண்கள் எல்லாருக்கும் இந்தக் கட்டுப்பாடு உண்டு.

அதை அவர் விளக்கிய விதம் நம்ம டிபார்ட்மென்ட் ஆட்களுக்குப் பிடிக்கும். ஒரு ஆறு, அதில் ஒரு அருவி. அருவிக்கு மேலே வேகமான நீரோட்டம், அதற்கும் மேலே அமைதியான தண்ணீர். படகோட்டி அருவியில் விழ வேண்டாம் என்று நினைத்தால், எந்த இடம் வரை போனால் துடுப்பு போட்டுத் திரும்ப முடியும் என்று தெரிந்திருக்க வேண்டும். அனுபவசாலி அமைதியான தண்ணீரிலேயே படகு விடுவான். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் ஸ்டேபிள் ரீஜன் என்று நாம் எழுதுவதும் ஏறக்குறைய இதுதான்.

இதற்கு ஒரு ஆன்மிக அடித்தளமும் இருந்தது. உறவுக்கு இரண்டு வேலை, ஒன்று அன்பு, இன்னொன்று இனப்பெருக்கம், இரண்டையும் பிரித்துவிடலாம், பிரித்தால் முதலாவது வழிபாட்டுக்குச் சமம் என்பது நோய்ஸின் கொள்கை. இளைஞர்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டைக் கற்றுக்கொடுத்தவர்கள் மாதவிடாய் நின்ற பெண்கள். தவறினாலும் கர்ப்பம் ஆகாது அல்லவா, பக்கா டெஸ்ட் பெட்! குழந்தைகள் குறைவாகவே பிறந்தன. பெண்கள் முடியைக் கத்தரித்து, குட்டைப் பாவாடைக்குக் கீழே கால்சட்டை போட்டு வேலைக்குப் போனார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? கொஞ்சம் பொறுங்க. யார் யாரோடு சேரலாம் என்பதில் கடைசி வார்த்தை நோய்ஸுடையது. வயதுக்கு வந்த சிறுமிகளை இந்த முறைக்குள் முதலில் கொண்டுவரும் 'உரிமை'யும் பெரும்பாலும் அவரிடமே இருந்தது. அதற்கு ஆன்மிகம் என்று அவர் பெயர் வைத்தார். நாம் வைக்க வேண்டிய பெயர் குற்றம். வழக்கு வரப்போகிறது என்று தெரிந்ததும் 1879-ல் கனடாவுக்கு ஓடினார். 1881-ல் ஒனைடா ஒரு கூட்டுப்பங்கு நிறுவனமாக மாறியது, பிற்பாடு ஸ்பூன், ஃபோர்க் செய்து பேர் வாங்கியது. மனைவியின் வலியைப் பார்த்துத் தொடங்கிய ஒன்று, 30 வருஷத்தில் ஒரு ஆளின் அதிகாரமாக முடிந்தது.

அதே கருத்தை ஒரு பெண் கையில் எடுத்தபோது கதை வேறு மாதிரி ஆனது. அலைஸ் பங்கர் ஸ்டாக்ஹாம், சிகாகோவில் மகப்பேறு மருத்துவர். அவர் 1896-ல் 'கரெஸா' என்ற புத்தகத்தை எழுதினார். தடவிக்கொடுத்தல் என்ற அர்த்தமுள்ள இத்தாலியச் சொல்லிலிருந்து எடுத்த பெயர். நோய்ஸ் ஆணுக்கு மட்டும் சொன்னதை இவர் இருவருக்கும் சொன்னார். அவசரம் கூடாது, இருவரும் மனதளவில் தயாராக வேண்டும், அமைதியாக ஒன்றாக இருக்க வேண்டும், இருவருமே உச்சத்தைத் தேடிப் போகக் கூடாது. ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் 2 முதல் 4 வாரம் இடைவெளி விடலாம் என்றும் எழுதினார். மிச்சமாகும் சக்தி கலையாக, கண்டுபிடிப்பாக, சேவையாக மாறும் என்றார்.

இந்தக் கடைசி வரியை நான் நம்பவில்லை. அதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. ஆனால் அதற்கு முன்னால் அவர் சொன்னதைப் பாருங்க. மனைவியின் உடம்பு கணவனுக்குக் கடன்பட்டது இல்லை, விருப்பப்படாத பெண்ணுக்குக் குழந்தையைத் திணிக்கக் கூடாது. 1873-ல் வந்த காம்ஸ்டாக் சட்டத்தின்படி கருத்தடை பற்றிய தகவலைத் தபாலில் அனுப்புவதே ஆபாசக் குற்றம். அப்படிப்பட்ட நாட்டில் ஒரு பெண் டாக்டர் இதை அச்சடித்து விற்றார். 1905-ல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, ஆபாசப் பிரசுரத்தைத் தபாலில் அனுப்பியதாக அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார்கள். அவர்கள் ஊர்தானே என்று நாம் சிரிக்க முடியாது. 2024-ல் நடைமுறைக்கு வந்த நம்ம பாரதிய நியாய சன்ஹிதாவிலும், 18 வயது நிரம்பிய மனைவியைக் கணவன் கட்டாயப்படுத்தி உறவுகொண்டால் அது பாலியல் வன்கொடுமை ஆகாது என்ற விதிவிலக்கு அப்படியே இருக்கிறது.

ஸ்டாக்ஹாம் ரஷ்யாவுக்குப் போய் டால்ஸ்டாயைச் சந்தித்திருக்கிறார். ஸ்டாக்ஹாமின் முந்தைய புத்தகமான 'டோகாலஜி' ரஷ்ய மொழியில் வர டால்ஸ்டாய் ஏற்பாடு செய்து, முன்னுரையும் எழுதினார். அதே காலகட்டத்தில் அவர் எழுதிய 'க்ரூட்சர் சொனாட்டா'வில் வருவது, கல்யாணமானவர்களும் காமத்தையே விட்டுவிட வேண்டும் என்ற வாதம். அதை எழுதியபோது அவருக்கு 13 குழந்தைகள். பெற்றவர் சோபியா, 'போரும் அமைதியும்' நாவலைக் கையால் பிரதியெடுத்துக் கொடுத்த அதே சோபியா. துறவு பற்றிய அந்த உபதேசத்தைப் படித்து அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்க. அவர் மனம் புண்பட்டதை டைரியில் எழுதியே வைத்திருக்கிறார். காமத்தை அனுபவிப்பதும் அவர் முடிவு, துறப்பதும் அவர் முடிவு என்றால் கூட இருந்தவளுக்கு என்ன இடம்?

சரி, கிழக்கே வருவோம். சீனாவில் மாவாங்துய் என்ற இடத்தில் கி.மு. 168-ஐச் சேர்ந்த ஒரு கல்லறையை 1973-ல் தோண்டினார்கள். பட்டிலும் மூங்கில் சீவல்களிலும் எழுதிய நூல்கள் கிடைத்தன. அதில் படுக்கையறைக் கலை பற்றியும் சில உண்டு. விந்தைச் சேமித்தால் ஆயுள் கூடும் என்கிறார்கள், கூடவே பெண்ணின் மூச்சு, முகம், அசைவு எல்லாவற்றையும் கவனித்து அவள் இன்பத்தை அறியச் சொல்கிறார்கள். ஆனால் பிற்காலத்து நூல்கள் சிலவற்றில் தொனி மாறிவிடுகிறது. கலவி ஒரு போர்க்களம், பெண் எதிரி, அவள் சக்தியை உறிஞ்சிக்கொண்டு தன்னுடையதைக் கொடுக்காமல் திரும்பும் ஆண்தான் ஜெயித்தவன். பல பெண்களை மாற்றினால் பலன் அதிகம் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். பவர் பேங்க் மாதிரி!

'விந்தைத் திருப்பி மூளைக்கு ஏற்றுவது' என்று அவர்களிடம் ஒரு பயிற்சியும் உண்டு. கடைசி நொடியில் விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே அழுத்துவார்கள். வெளியே ஒன்றும் வராது. ஆனால் பைப்லைனைப் பாருங்க. அங்கிருந்து மூளைக்கு லைன் கிடையாது. அது சிறுநீர்ப்பைக்குள் போய், அடுத்த முறை சிறுநீரோடு வெளியே வரும். அவ்வளவுதான்.

இப்போது சித்தர்கள். நம்மாளு சொன்னது முழுப் பொய் இல்லை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் 'பரியங்க யோகம்' என்று ஒரு பகுதி இருக்கிறது. பரியங்கம் என்றால் கட்டில். மூச்சை நெறிப்படுத்தி, விந்து விழாமல் கூடும் யோகத்தைத்தான் திருமூலர் அங்கே சொல்கிறார். ஆனால் தலைப்பிலேயே கட்டில் இருக்கிறதே, கவனித்தீர்களா? அதில் பெண் இருக்கிறாள். ஆண், பெண் இருவருக்கும் தகுந்த வயது பேசப்படுகிறது, ஆனந்தமும் இருவருக்கும் என்றே வருகிறது. இதைத் தனி ரூமில் காலண்டரை அடிப்பதற்கு ஆதாரமாகக் காட்டுகிறவர் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பயாலஜியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். விந்தணு தினமும் கோடிக்கணக்கில் உற்பத்தியாகிறது. வெளியே போகாதது சிதைந்து உடம்பிலேயே கரைகிறது. விந்தில் பெரும்பகுதி சுரப்பிகளிலிருந்து வரும் திரவம், அளவோ ஒரு டீஸ்பூன்கூடத் தேறாது. 40 துளி ரத்தம் ஒரு துளி விந்து என்பது கட்டுக்கதை. தூக்கத்தில் வெளியேறுவது நோய் இல்லை. இன்னொன்று, வெளியேற்றாமல் விலகினாலும் முன்னால் கசியும் திரவத்தில் விந்தணு இருக்கலாம், ஆகவே இது நம்பிப் போகக்கூடிய கருத்தடை கிடையாது. பால்வினைத் தொற்றையும் தடுக்காது. ஆணுறைதான் தடுக்கும்.

இந்தக் கட்டுக்கதையை நம்பிப் பயந்துபோன பையன்களுக்கு வரும் சோர்வு, படபடப்பு, குற்ற உணர்ச்சி எல்லாம் நிஜம். விந்து வீணாகிறது என்ற பயத்திலிருந்து வரும் இந்தத் தவிப்புக்கு, இந்திய மனநல மருத்துவர் என்.என். விக் 1960-ல் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயரே வைத்தார். தாது என்ற நம்ம சொல்தான் அது. பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் 'இளமையில் செய்த தவறா?' என்று ஒட்டிவிட்டு, மாதம் ஒரு முறை லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் 'டாக்டர்' சம்பாதிப்பது இந்தப் பயத்தில்தான். ரீல்ஸ் அண்ணனும் அதே பிசினஸ்தான் பண்றார். லாட்ஜ் வாடகை மட்டும் மிச்சம்.

அப்போ உச்சத்தைத் தவிர்ப்பதே வெட்டி வேலையா? அப்படிச் சொல்லமாட்டேன். மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1970-ல் வெளியிட்ட புத்தகத்தில், உறவில் சிக்கலுள்ள தம்பதிகளுக்கு ஒரு சிகிச்சை முறையைச் சொன்னார்கள். முதல் சில நாள் உடலுறவே வேண்டாம். ஒருவர் மாற்றி ஒருவர் தொடுங்கள், எது பிடிக்கிறது என்று சொல்லுங்கள், முடிவை எட்டணும் என்ற டார்கெட்டையே எடுத்துவிடுங்கள். சக்ரா இல்லை, சக்தி இல்லை, மூளைக்கு ஏற்றுவதும் இல்லை. ஸ்டாக்ஹாம் சொன்னதில் உருப்படியான பாதி இதுதானே? செக்ஸ் தெரபிஸ்டுகள் இன்றும் இதைப் பரிந்துரைக்கிறார்கள். போர்ன் பார்த்து, கடைசி சீனுக்காகத்தான் முன்னால் உள்ளதெல்லாம் என்று பழகிய நம்ம தலைமுறைக்கு, அந்தக் கடைசி சீனே இல்லாத ஒரு நெருக்கம் இருக்கிறது என்று தெரிவது நல்லதுதான். அதற்கு எதிரில் இருப்பவரிடம் பேசணும், கேட்கணும். வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்தணும். 43 நாள் அடக்குவதைவிட இது கஷ்டமான பயிற்சி என்பது என் கணிப்பு.

கல்யாணமோ காதலோ இல்லாதவர்களுக்கு இப்போதைக்கு இது வெறும் வரலாறு. படித்துவிட்டு வைத்துவிடுங்க. ஆனால் உங்க ரூம்மேட் இந்தப் பயத்தில் சாப்பிடாமல், தூங்காமல், கிளாஸுக்கு வராமல் கிடந்தால் கிண்டலை நிறுத்திவிட்டு பக்கத்து அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்க. நேரில் போகக் கூச்சப்பட்டால் மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம், ராத்திரி 2 மணிக்கும் எடுப்பார்கள்.