நல்ல கிருமிக்கும் ஓய்வு வேண்டும்!

"காய்கறியில் கிருமியைத் தெளிக்கிறார்கள்" என்று சொன்னால், "ஐயையோ!" என்போம். ஆனால் புழுவைக் கொன்று, பயிரைக் காக்கும் கிருமியும் உண்டு. அதன் பெயர் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். வாயில் நுழையாத பெயர்! சுருக்கமாக "பி.டி." என்பார்கள்.

1901-ம் ஆண்டில் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் திடீர் திடீர் என்று செத்தன. இஷிவாடா என்ற அறிஞர் ஆராய்ந்தார். இந்தக் கிருமி அகப்பட்டது. பட்டு வளர்ப்பவருக்குப் பகைவன், தோட்டக்காரருக்கு நண்பன்!

குடலில் ஓட்டை

பி.டி.யைத் தண்ணீரில் கலந்து இலைமேல் தெளிப்பார்கள். புழு, இலையோடு சேர்த்து அதையும் தின்னும். பி.டி.யில் படிகம் போன்ற ஒரு பொருள் இருக்கிறது. அது புழுவின் குடலில் கரைந்து, ஓட்டை போட்டுவிடும். சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்தும். சில நாளில் செத்துவிடும். நம் வயிற்றில் அது அப்படி வேலை செய்யாது. (அதற்காகக் காயைக் கழுவாமல் சமைத்துவிடாதீர்கள்!)

இலையைக் கடித்துத் தின்னும் புழுவுக்குத்தான் இந்த வைத்தியம். சாறு உறிஞ்சும் அசுவினியிடம் பலிக்காது.

கனடாவில் நடந்தது

கனடாவின் மேற்குக் கரையில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இருக்கிறது. அங்கே பெரிய கண்ணாடிக் குடில்களுக்குள் தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி பயிரிடுகிறார்கள். தக்காளிப் பூ காயாவதற்கு, தடித்த ஒருவகைத் தேனீக்களைக் குடிலுக்குள் விடுகிறார்கள். விஷ மருந்து அடித்தால் தேனீ செத்துவிடும். விளைச்சலும் போய்விடும். ஆகவே பி.டி.யை நம்பினார்கள்.

அடிக்கடி தெளித்தார்கள். என்ன ஆயிற்று? முட்டைக்கோஸ் புழு என்னும் பச்சைப் புழு, பி.டி.யைத் தின்றும் சாகவில்லை!

காரணம் இதுதான். ஒவ்வொரு தெளிப்பிலும் சில புழுக்கள் தப்பின. அவை அந்துப்பூச்சியாகி முட்டையிட்டன. அந்த முட்டையில் பிறந்த புழுக்களும் தாக்குப்பிடித்தன. அதிகமாகத் தெளித்த குடில்களில்தான் இந்தத் தொல்லை அதிகம் என்று 2003-ல் வெளியான ஆராய்ச்சி கூறியது. தெளிக்காமல் விட்டால், தலைமுறைக்குத் தலைமுறை புழுவின் எதிர்ப்புச் சக்தி குறைகிறது என்பதும் தெரிந்தது.

நாள் பார்த்துத் தெளிக்கலாமா?

கூடாது என்பேன். "இன்று திங்கட்கிழமை, தெளி!" என்பது நல்ல மருந்தை நாமே கெடுப்பது. ஒரே குடும்பம் கெடுத்தாலும் பக்கத்துக் குடும்பமும் நஷ்டப்படும். தாக்குப்பிடித்த பூச்சி, வேலி பார்த்துப் பறக்காது.

இலையைத் திருப்பிப் பாருங்கள். முட்டை இருந்தால் நசுக்குங்கள். சிறு புழுக்கள் நிறையத் தெரிந்தால், அந்தப் பகுதியில் மட்டும் தெளியுங்கள். புழு வளர்ந்துவிட்டால் பி.டி. சரியாக வேலை செய்யாது. கையால் பொறுக்குவதே நல்லது. அறுவடை முடிந்ததும் பழைய செடிகளைக் குடிலில் விட்டுவைக்காமல், வெளியேற்றிச் சுத்தம் செய்த பிறகே அடுத்த நாற்றை நடவேண்டும்.