துப்பாக்கி இருக்கிறது, துணி எங்கே?

பழம்பொருள் ஏல அறிவிப்புகளை மேய்வது எனக்குப் பொழுதுபோக்கு. வாங்க வக்கில்லை என்பது வேறு விஷயம். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் துப்பாக்கித் தீமூட்டி அவற்றில் அடிக்கடி கண்ணில் படும். பார்க்கக் கைத்துப்பாக்கிதான், குழல் மட்டும் இருக்காது. பித்தளை வேலைப்பாடு, விசையின் நேர்த்தி, மரப்பிடியின் பளபளப்பு என்று விலாவாரியாக வர்ணிப்பார்கள். உள்ளே போட்ட கரித்துணியைப் பற்றி ஒரு வரி வராது. எனக்கு இதில்தான் கோபம்.

விசையை இழுத்தால் சிக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசும். பொறி கல்லிலிருந்து வருவதில்லை. கல் சீவித் தள்ளும் எஃகுத் துகள்தான் எரிந்தபடி விழுகிறது. விழும் இடத்தில் கரித்துணி இல்லையென்றால் அத்தனையும் வாணவேடிக்கையோடு சரி. துணியிலும் சுடர் வராது, கனல்தான் பிடிக்கும். அதில் கந்தகம் தோய்த்த குச்சியை வைத்துச் சுடராக்கி, பிறகுதான் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும்.

சாதாரண வீடுகளில் இந்தத் துப்பாக்கியெல்லாம் ஏது? கல், எஃகுத் துண்டு, கரித்துணி மூன்றையும் போட்டுவைத்த பெட்டிதான். அது இருட்டில் கைக்குச் சிக்க வேண்டுமே! எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் 1763 மார்ச்சில் ஓர் இரவு லண்டன் வாடகை அறையில் எழுதிக்கொண்டிருந்தபோது, திரியைக் கத்தரிக்கப்போய் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டார். சமையலறைக்கு இறங்கினால் அடுப்பில் கங்கு இல்லை, பெட்டியும் அகப்படவில்லை. வீட்டுக்காரரோ குண்டு போட்ட துப்பாக்கிகளைப் பக்கத்தில் வைத்துத் தூங்குகிறவர். திருடன் என்று சுட்டுவிட்டால்? சத்தமில்லாமல் அறைக்குத் திரும்பி, ரோந்துக்காரன் மூன்று மணி சொல்லிக்கொண்டு வரும்வரை காத்திருந்து, அவனிடம் ஏற்றிக்கொண்டார். நாட்குறிப்பில் எழுதிவைத்ததால் அவர் பாடு நமக்குத் தெரிகிறது. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிய வேலைக்காரப் பெண்கள் நாட்குறிப்பா எழுதினார்கள்?

கரித்துணி செய்வது லேசான வேலையில்லை. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, மூடியில் ஆணித்துளை போட்ட டப்பாவில் அடைத்து அடுப்பில் வைத்துப் பார்த்தேன். துளை வழியே புகை வரும். அது நின்றதும் இறக்கிவிட வேண்டும். ஆறுமுன் திறந்தால் காற்றுப் பட்டுத் துணி கனன்று சாம்பலாகிவிடும். சரியாக வந்தது கன்னங்கரேலென்று, தொட்டால் நொறுங்குகிறது. கொஞ்சம் ஈரம் பட்டாலும் பொறி பிடிக்காது. மழைநாளில் அந்தக் காலத்து வீடுகள் என்ன பாடு பட்டிருக்கும்!

1827இல் ஸ்டாக்டன் ஊர் மருந்துக்கடைக்காரர் ஜான் வாக்கர் உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சியை விற்கத் தொடங்கினார். காப்புரிமைகூடக் கேட்கவில்லை, மனிதர். கொஞ்ச காலத்தில் துப்பாக்கி அலமாரிக்குப் போனது, கந்தை குப்பைக்குப் போனது.

அருங்காட்சியகங்களும் ஏலக்காரர்கள் வழியிலேயே போவானேன்? கண்ணாடிப் பேழைக்குள் தீமூட்டிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு கரித்துணி, ஒரு கந்தகக் குச்சி, கரித்துணி செய்யும் விதம் நான்கு வரியில். வாரம் ஒருமுறை யாராவது கல்லைத் தட்டியும் காட்டலாம். பழைய விசையைத் தொட வேண்டாம். புதிதாக அடித்த எஃகுத் துண்டு போதும்.