பொட்டலத்தின் பின்புறத்தைப் படிப்போம்

அரியமங்கலத்துக் கடைகளில் அங்கத்தினர் வாங்கும் உணவுப் பண்டங்களுள் எவை அளவுமீறிப் பதப்படுத்தப்பட்டவை என்பதை அறிதல் அவசியமாகும். பொட்டலத்தில் அடைத்தவையெல்லாம் தீயவை என்பதும், ‘சிறுதானியம்’ என்று அச்சிட்டவையெல்லாம் நல்லவை என்பதும் ஒருங்கே தவறாம்.

பிரேசில் நாட்டுப் பேராசிரியர் கார்லோஸ் மொன்டெய்ரோ 2009இல் வெளியிட்ட கருத்திலிருந்து வளர்ந்தது ‘நோவா’ என்னும் பகுப்புமுறை. அதன்படி அரிசி, பருப்பு, பால் முதற்பிரிவு. எண்ணெய், வெல்லம், உப்பு இரண்டாவது. உப்பிட்ட கடலை போன்றவை மூன்றாவது. குளிர்பானம், உடனடி நூடுல்ஸ், பெரும்பாலான ஆலை பிஸ்கட்டுகள் நான்காவது. இத்தகைய நான்காம் பிரிவு உணவுகளைக் குறைக்குமாறு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024ஆம் ஆண்டு வழிகாட்டியில் கூறியுள்ளது.

அடையாளம் காண்பது அரிதன்று. சேர்க்கைப் பொருள்களை எடை மிகுந்ததை முதலாகக் கொண்டு அச்சிட வேண்டுமென்பது சட்டம். சிறுதானிய பிஸ்கட்டில் முதற்பெயர் மைதாவாயின், அது பெயரளவில் மட்டுமே சிறுதானியம். குழம்பாக்கி, செயற்கை மணம், நிறமி, மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என அடுக்களை அறியாதவை காணப்படின் அது நான்காம் பிரிவே. ஆனால், கெடாதிருக்கச் சேர்க்கும் பொருள் ஒன்று மட்டும் இருப்பது போதிய சான்றன்று.

தறியை விட்டெழ நேரமற்ற வீட்டில் தேநீரும் பிஸ்கட்டுமே குழந்தையின் காலை ஆகாரமாவதைக் குறைகூறிப் பயனில்லை. விரைவில் உண்ணத்தக்க மாற்றுப்பண்டத்தை அளிப்பதே சங்கத்தின் கடமை. விவசாய அங்கத்தினரின் நெல்லும் கடலையும் அவலாகவும் வறுகடலையாகவும் சங்கக் கடையில் முன்வரிசை பெறட்டும். பொட்டலத்தின் பின்புறத்தைப் படியாமல் எப்பண்டத்தையும் நிர்வாகக் குழு கொள்முதல் செய்யலாகாது.