ஆறு கவுனும் ஒரு லேபிளும்

அயனம்பாக்கத்தில் சாலையோரத் தள்ளுவண்டியில் ‘எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்’ சட்டைகள் குவிந்து கிடக்கின்றன. தையலில் குறை தெரியவில்லை. கழுத்துப்பட்டிக்குள் லேபிள் மட்டும் பாதியாகக் கத்தரிக்கப்பட்டிருக்கிறது. கேட்டால் வண்டிக்காரர் சிரிக்கிறார்: “லேபிள் இருந்தா இந்த வெலைக்கு ஏன் சார் குடுக்கிறேன்?”

இந்தப் பொருளாதாரம் நம் ஜவுளித் துறைக்கு இன்னும் எட்டவில்லை. கோலாப்பூரி செருப்பைப் பிராடா களவாடிவிட்டதென்று 2025 ஜூனில் நாடே கொதித்தது. அந்தச் செருப்புக்கு 2019-லேயே புவிசார் குறியீடு கிடைத்தாயிற்றே, அது எதைத் தடுத்தது? குறியீடே கவசம் என்பவர்கள் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளட்டும்.

பாரிஸின் ‘க்ளோயி’ பிறந்த கதையைக் கேளுங்கள். அதைத் தொடங்கிய காபி அகியோன் எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் பிறந்தவர். வசதியான பெண்கள் அளவு கொடுத்துத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்த பாரிஸில், 1952-ல் ஆறே ஆறு பாப்ளின் கவுன்களைத் தைத்து, தானே கடை கடையாக எடுத்துப் போனார். பாப்ளின்! நம்மூரில் உள்பாவாடைக்கு எடுக்கிற துணி. யார் தைத்தாலும் கடைக்காரர் தன் பெயரை ஒட்டி விற்பது அன்றைய வழக்கம். அகியோன் அதற்கு இணங்கவில்லை. தோழி ஒருத்தியின் பெயரான ‘க்ளோயி’ உள்ளே இருந்தாக வேண்டும் என்றார். கார்ல் லாகர்ஃபெல்ட் போன்ற பெருந்தலைகள் வந்ததெல்லாம் பிறகுதான். முதலில் வந்தது லேபிள்.

ஆறு கவுன்! திருப்பூரின் ஆண்டு ஏற்றுமதியோ 40,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. பாரிஸ்காரி ஒருத்திக்குத் தெரிந்த திருப்பூர்ப் பெயர் ஒன்று சொல்லுங்கள், பார்ப்போம். சென்னையில் 1993-ல் தொடங்கிய வஸ்திரகலா பட்டறையின் எம்பிராய்டரி பிரெஞ்சு மாளிகைகள்வரை போகிறது. ஊசி பிடிப்பது நம் ஆள். உலகம் அறிந்தது, பட்டறையைத் தொடங்கியவரின் லெசாஜ் என்ற பிரெஞ்சுக் குடும்பப் பெயர்.

‘பிராண்டுக்கு முதல் வேண்டும், பையர் கோபித்துக்கொள்வார்’ என்று ஏற்றுமதியாளர்கள் இழுப்பார்கள். வெறும் சாக்கு. ஏற்றுமதிக்குத் தைத்துக்கொண்டிருந்த சென்னை செலிப்ரிட்டி ஃபேஷன்ஸ் 2000-ல் ‘இந்தியன் டெரைன்’ என்று சொந்தப் பெயரில் கடைக்கு வரவில்லையா?

அரசு என்ன செய்கிறது? விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா. நிலம் உண்டு, சாலை உண்டு, தண்ணீர் உண்டு. பெயருக்கு மட்டும் ஒரு சென்ட்கூட ஒதுக்கக் காணோம். அடுத்தவன் பெயரைத் தைத்துக் கொடுக்கவா இத்தனை பெரிய பந்தல்?

மெஷினுக்குக் கொடுக்கிற மானியத்தில் பாதியை லேபிளுக்குத் திருப்புங்கள்; பத்தே ஆண்டில் அம்பத்தூரிலிருந்து ஒரு க்ளோயி கிளம்பும். தைப்பதற்கு ஆளா இல்லை? எஸ்டேட்டில் ஒரு லைன், காலை டீக்கு மணி அடிப்பதற்குள் ஆறு கவுனை முடித்துவிடும்.